மரப்பெட்டியில் வரும் ஏரோப்ளேன்!

ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப் லேபை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காக்கி கோட்டு, ஷூ, கழுத்து வரை வியர்வை. ஷீட் மெட்டல் செக்‌ஷனில் ஒரு தகடைக் கையில் கொடுத்து, 'கோடு போடு, வெட்டு, மடக்கு, டிரே செஞ்சு காட்டு' என்பார்கள். செய்து முடித்தால் நாலு மூலையும் நாலு திசையைப் பார்க்கும். லேப் அண்ணன் ஒரு தடவை டிரேயைப் பார்ப்பார், ஒரு தடவை நம்மைப் பார்ப்பார். அப்புறம் மரச்சுத்தியலை எடுத்து அவரே ரெண்டு தட்டு தட்டி நேராக்கிக் கொடுப்பார்.

அதே மாதிரி தகடு. அதே மாதிரி கத்தரி. அதே டிரில்லிங் மெஷின். இதை வைத்துக்கொண்டு வீட்டு கார் ஷெட்டில் ஒரு விமானம் செய்யலாம், செய்த பிறகு அதில் நாமே ஏறி உட்கார்ந்து பறக்கலாம் என்றால் நம்புவீர்களா பாஸ்? அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் மெக்ஸிகோ என்று ஒரு சின்ன ஊர். (ஆமாம், ஊர் பேரே மெக்ஸிகோதான். அமெரிக்காவில் சேலம்கூட இருக்கிறது, மாம்பழம்தான் கிடைக்காது!) அந்த ஊரில் 1992-லிருந்து ஜெனித் ஏர்கிராஃப்ட் என்ற கம்பெனி இதைச் சொல்லித்தான் வியாபாரமே பண்ணிக்கொண்டிருக்கிறது. பணம் கட்டினால் விமானம் வராது. ஒரு பெரிய மரப்பெட்டி வரும். உள்ளே வளைத்த தகடு, வளைக்காத தகடு, பொட்டலம் பொட்டலமாக ரிவெட், ஒரு கட்டு டிராயிங். விமானத்தை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

இந்த வாரம் நாம் பிரிக்கப்போகும் பெட்டியின் பெயர் ஸ்டோல் சி.ஹெச். 701. 'ஸ்டோல்' என்றால் குறைந்த தூரத்தில் ஏறி, குறைந்த தூரத்தில் இறங்குகிற ஜாதி. இதை 'புஷ் பிளேன்' என்றும் சொல்வார்கள். புஷ் என்றால் இங்கே செடி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுப் பிரதேசம். அலாஸ்கா, வடக்கு கனடா மாதிரி இடங்களில் ரோடு என்பதே பல ஊர்களுக்குக் கிடையாது. அலாஸ்காவின் தலைநகரமான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து ரோடு போட்டுப் போக முடியாது, கப்பல் அல்லது விமானம்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஆற்று நடுவே இருக்கும் கூழாங்கல் திட்டு, மலைச்சரிவு, புல்வெளி எல்லாமே ரன்வேதான். 1949-ல் வந்த பைப்பர் சூப்பர் கப் இந்த வேலைக்குப் பேர் போன விமானம். இன்றைக்கும் அதைப் பார்த்துச் செய்த குட்டி விமானங்கள் கிட்டாகக் கிடைக்கின்றன.

அலாஸ்காவில் வால்டீஸ் என்ற ஊரில் இதற்கென்றே போட்டி நடத்துகிறார்கள். யார் குறைந்த தூரத்தில் ஏறி இறங்குகிறார் என்று தரையில் கோடு போட்டு டேப் வைத்து அளப்பார்கள். 2018-ல் அங்கே ஒரு குட்டி விமானம் இறங்கி நிற்க எடுத்துக்கொண்ட தூரம் 9 அடி 5 அங்குலம். நம் ஹாஸ்டல் ரூமே அதைவிட நீளம்! எதிர்க்காற்று நன்றாக வீசினால்தான் இந்த வித்தை எல்லாம் நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானத்துக்குத் தேவை காற்றின்மேல் வேகம், தரையின்மேல் வேகம் இல்லை. எதிரே காற்று வேகமாக வந்தால் பாதி வேலையை அதுவே செய்து கொடுத்துவிடும்.

701-ஐ டிசைன் செய்தவர் க்ரிஸ் ஹைன்ஸ். இவர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரான்ஸில் கான்கார்டு விமான வேலையில் இருந்த எஞ்சினீயர். கான்கார்டு தெரியும்தானே? சத்தத்தைவிட ரெண்டு மடங்கு வேகத்தில் பயணிகளைச் சுமந்துகொண்டு போன, 2003-ல் நிறுத்தப்பட்ட அதே விமானம். அப்புறம் ரோபின் என்ற பிரெஞ்சு கம்பெனியில் சின்ன விமானங்கள் டிசைன் செய்தார். 1970-களில் கனடாவுக்குப் போய் வீட்டு கராஜில் சொந்தமாக கிட் கம்பெனி ஆரம்பித்தார். 1986-ல் 701 வந்தது. கம்பெனி சொல்கிற கணக்குப்படி இந்த விமானம் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்தால்தான் கீழே இறங்க ஆரம்பிக்கும். மாக் 2-வில் ஆரம்பித்த ஆள், டவுன் பஸ் வேகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்!

மெதுவாகப் பறப்பது ஈஸி என்று நினைத்தால் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்கை மறுபடி திறங்கள். இறக்கை கொடுக்கும் லிஃப்ட், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் லிஃப்ட் கால்வாசியாகிவிடும். அப்படியானால் மிச்சத்தை எங்கேயிருந்து எடுப்பது? மூக்கைத் தூக்கி, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை ஏற்ற வேண்டும். ஆனால் சாதாரண இறக்கை சுமார் 15 டிகிரி தாண்டியதும் மேல்பக்கக் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். லிஃப்ட் பொசுக்கென்று விழும். அதுதான் ஸ்டால்.

ஹைன்ஸ் செய்தது என்னவென்றால், இறக்கையின் முன்விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால், முழு நீளத்துக்கும் இன்னொரு குட்டி இறக்கை மாதிரி ஒரு பட்டையை நிரந்தரமாகப் பொருத்தினார். பேர் ஸ்லாட். பெரிய ஜெட் விமானங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் இது வெளியே நீளும். 701-ல் எப்போதும் வெளியேதான். பட்டைக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகக் கீழ்ப்பக்கக் காற்று வேகமாகப் பாய்ந்து மேலே வந்து, களைத்துப்போன மேல்பக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். சோர்ந்து நிற்கும் பஸ்ஸை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. இதனால் 30 டிகிரி வரை இறக்கை தாக்குப்பிடிக்கும் என்கிறது கம்பெனி. பின்விளிம்பில் ஃப்ளாப், எய்லரான் ரெண்டையும் தனித்தனியாக வைக்காமல் ஒரே நீளப் பட்டையாக்கி, இறக்கைக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டிருக்கிறார். வாலில் இருக்கும் கிடைத் தகடைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார், அவ்வளவு செங்குத்தாக மூக்கைத் தூக்க வாலைக் கீழே அழுத்த வேண்டுமே! ரட்டர் என்று பாதித் தகடு ஆடாது, நிற்கிற வால் முழுசாகத் திரும்பும். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதா என்று கேட்டால்... தட்டான்பூச்சிக்குத் தகரம் அடித்த மாதிரி இருக்கும். எனக்கு அந்த மூஞ்சிதான் பிடித்திருக்கிறது.

நிற்க. கம்பெனி ப்ரோஷரில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒரு தடவை கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். 701-ன் முழு எடை 500 கிலோ. இறக்கைப் பரப்பு சுமார் 11.3 சதுர மீட்டர். அதிகபட்ச லிஃப்ட் கோ-எஃபிஷியன்ட் 3.1 என்று சொல்கிறார்கள். லிஃப்ட் ஃபார்முலாவில் போட்டால் ஸ்டால் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர் வருகிறது, 48 வரவில்லை. அதே ஃபார்முலாவில் எடையை 390 கிலோவாகக் குறைத்தால் டாண்ணு 48! அதாவது வெறும் விமானம் 263 கிலோ, ஒரே ஒரு பைலட், டேங்கில் கொஞ்சம் பெட்ரோல். ப்ரோஷர் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்றும் ஓரளவுக்குக் கை கொடுக்கும். ஆனால் பக்கத்து சீட்டில் நண்பனை ஏற்றிக்கொண்டு, 48-ஐ நம்பி மெதுவாக இறங்க வருபவனுக்கு அந்த ஆறு கிலோமீட்டர் ரொம்ப முக்கியம்.

263 கிலோ என்பது எவ்வளவு என்று புரிய, ஒரு புல்லட் பைக்கையும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆளையும் சேர்த்து எடை போடுங்கள். அவ்வளவுதான் மொத்த விமானமும். எஞ்சின் பெரும்பாலும் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912. நாலு சிலிண்டர், 1.2 லிட்டர், 80 குதிரைசக்தி. சைஸில் நம்ம ஊர் ஹேட்ச்பேக் கார் எஞ்சின் மாதிரிதான், ஆனால் எல்லா சிலிண்டருக்கும் ரெட்டை இக்னிஷன். ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கிறது. கார் பெட்ரோலிலேயே ஓடும். 100 குதிரைசக்தி மாடலும் உண்டு. ரெண்டு கிரிக்கெட் பிட்ச்சை அடுத்தடுத்துப் போட்டால் வருகிற நீளம் போதும், சக்கரம் தரையை விட்டுவிடும். சென்னை ஏர்போர்ட்டின் பெரிய ரன்வே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் கொடுக்கிற விலை? வேகம். ஸ்லாட்டும் தடித்த இறக்கையும் காற்றை வாரி இழுக்கும். எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு 130 கிலோமீட்டர் பக்கம்தான் சாதாரணமாகப் போகும். அதனால் சில ஓனர்கள் ஸ்லாட்டைக் கழற்றிவிட்டு, இறக்கை மேல் சின்னச் சின்னத் தகடுகளை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வேகம் சம்பாதிக்கிறார்கள். சரியா தப்பா என்று அவர்களுக்குள் சண்டை ஓயவே ஓயாது. வேகம் வேண்டும் என்றால் வேற விமானம் செய்திருக்கலாமே என்பது என் கட்சி!

இன்னொரு விலையும் உண்டு, அது கொஞ்சம் பயமுறுத்தும். எடை கம்மி, இழுவை ஜாஸ்தி. எஞ்சினைக் குறைத்த கணமே வேகம் கரைந்துவிடும். பெரிய விமானம் மாதிரி மிதந்து மிதந்து இறங்காது. மூக்கைக் கீழே அழுத்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டே வர வேண்டும். மெதுவாகப் பறக்கிற விமானம்தானே, பத்திரம் என்று நினைத்தால் அங்கேதான் அடி விழும்.

சரி, பெட்டியைப் பிரிப்போம். ஜெனித்தில் ஒரு வழக்கம். முழு கிட்டையும் வாங்குவதற்கு முன்னால், முதலில் வால் பகுதியில் இருக்கும் ரட்டரை மட்டும் செய்து பாருங்கள் என்பார்கள். ஃபேக்டரியிலேயே ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். வெறுங்கையோடு போய், முடிந்ததும் சொந்தமாகச் செய்த ரட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். 'இது நமக்கு ஒத்துவருமா' என்று காசை மொத்தமாகக் கொட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். நல்ல யோசனை. கோர்ஸில் சேருவதற்கு முன்னால் நமக்கும் ரெண்டு நாள் இப்படிக் காட்டியிருந்தால் எத்தனை பேர் பிராஞ்ச் மாற்றியிருப்போம்!

ரட்டர் செய்வது எப்படி? நடுவில் ஒரு முதுகெலும்பு மாதிரி ஸ்பார். அதில் விலா எலும்பு மாதிரி ரிப்ஸ். அதன்மேல் தோல் மாதிரி அலுமினியத் தகடு, பல இடங்களில் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அலுமினியம் என்றால் 6061-டி6. மெட்டீரியல்ஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ணியிருப்பீர்களே, மெக்னீசியமும் சிலிகானும் சேர்த்து, சூடு காட்டி வலுவேற்றிய ரகம். பாகங்களைப் பொருத்தி, ஓட்டை போட்டு, க்ளீக்கோ என்ற ஸ்பிரிங் வைத்த கிளிப்பை ஓட்டைக்கு ஓட்டை செருகித் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துவார்கள். எல்லாம் நேராக உட்கார்ந்ததா என்று பார்ப்பார்கள். உட்கார்ந்தால் ரிவெட் அடிக்க வேண்டியதுதானே?

அதுதான் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். டிரில் போட்ட ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் மெல்லிய பிசிறு நிற்கும். அதை ஒவ்வொன்றாக, ரெண்டு பக்கமும், கையால் எடுக்க வேண்டும். ரெண்டு தகடுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அலுமினியத் தூளைத் துடைக்க வேண்டும். துரு பிடிக்காமல் இருக்க பிரைமர் அடிக்க வேண்டும். அப்புறம் திரும்பச் சேர்த்து, திரும்ப க்ளீக்கோ போட்டு, அப்போதுதான் ரிவெட். ஒரு முழு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் ஓட்டைகள்.

'ஒரு பிசிறுக்கு இவ்வளவு பில்டப்பா மச்சி?' என்றால், விஷயம் இருக்கிறது. விமானம் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் இறக்கைத் தகடு கொஞ்சம் இழுபட்டு விடுபடும். எஞ்சின் அதிர்வு வேறு. இழுவிசை எல்லாம் ஓட்டையின் விளிம்பில்தான் வந்து குவியும். அங்கே ஒரு பிசிறோ கீறலோ இருந்தால் விரிசல் அதில்தான் பிறக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. நூறாவது மணி நேரத்திலும் தெரியாமல் இருக்கலாம். அதே மாதிரி ரிவெட் ஓட்டை தகட்டின் ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விடக் கூடாது, ஓட்டையின் விட்டத்தைப் போல ரெண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. ரிவெட் அடித்து மூடிய பிறகு இது எதுவும் வெளியே தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் செய்தவர்தான்.

ரிவெட் என்றால் சுத்தியலால் அடித்து மறுபக்கம் இன்னொருவர் இரும்புக்கட்டையைப் பிடிக்க வேண்டிய ரகம் இல்லை. பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்குகிற பாப் ரிவெட். அதனால்தான் தனி ஆளாக ஒரு கார் ஷெட்டில் இதைச் செய்ய முடிகிறது. 2014-ல் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் இதே கம்பெனியின் 750 க்ரூஸர் என்ற தம்பி விமானத்தை, வந்திருந்த கூட்டத்தையே வைத்து ஏழே நாளில் கட்டி முடித்தார்கள். வந்தவர் எல்லாம் ஆளுக்கொரு ரிவெட் இழுத்துவிட்டு, பேரை எழுதிவிட்டுப் போனார்கள். அனுபவசாலிகள் கூடவே நின்று வேலை வாங்கியதால் அது ஏழு நாள். வேலை முடிந்து சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் செய்கிறவர்களுக்கு இது வருஷக்கணக்கு. பாதியில் நின்று, தூசி படிந்து, விற்பனைக்கு வருகிற கிட்களும் ஏராளம்.

இப்போது மெயின் மேட்டர். ஒரு தனி மனுஷன் வீட்டில் செய்த விமானத்தை ஆகாயத்தில் பறக்க அமெரிக்க அரசாங்கம் எப்படி விடுகிறது? ஃபேக்டரி விமானம் என்றால் டிசைன், டெஸ்ட் என்று எத்தனையோ சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டு விமானத்துக்கு அது கிடையாது, ஆனால் ஒரு கண்டிஷன். விமானத்தின் பெரும்பகுதியை, படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இந்த வேலையில் இறங்கிய ஆட்களே செய்திருக்க வேண்டும். சட்டத்திலேயே 'எஜுகேஷன்' என்ற வார்த்தை இருக்கிறது! பேச்சுவழக்கில் '51 சதவிகித விதி' என்பார்கள். எஞ்சின், ப்ரொப்பெல்லர், டயர், மீட்டர் இவற்றை வாங்கிக்கொள்ளலாம், அவை கணக்கிலேயே வராது. மீதி வேலைகளை எல்லாம் பட்டியல் போட்டு, இது கம்பெனி செய்தது, இது நீ செய்தது என்று டிக் அடிப்பார்கள். உன் பக்கம் பாதிக்கு மேல் வர வேண்டும். கூட நாலு நண்பர்கள் சேர்ந்தால் தப்பில்லை, அவர்களும் கற்றுக்கொள்ளத்தான் வந்தார்கள் என்றால் ஓகே. கூலி கொடுத்து ஆள் வைத்தால் அந்த வேலை உன் கணக்கில் சேராது.

இதை எப்படி நிரூபிப்பது? ரெக்கார்ட் நோட்! நிஜமாகத்தான். எந்தத் தேதியில் எந்த பாகம் செய்தேன், எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி, போட்டோ எடுத்து ஒட்டி வைக்க வேண்டும். தகடு மட்டும் தெரிகிற போட்டோ போதாது, கையில் டிரில்லோடு நீங்களும் அதில் தெரிந்தால் நல்லது என்று அனுபவசாலிகள் சொல்லித் தருகிறார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

அந்த ஊரிலும் கில்லாடிகள் இருக்கிறார்கள். காசு இருக்கிறது, பொறுமை இல்லை. ஆள் வைத்துக் கட்டி முடித்து, 'நானே செய்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிடுவது. 2000-களில் இது பெருகிப் போய், கடைசியில் 2009-ல் விதிமுறை விளக்கத்தையே திருத்தி, காசுக்கு வாங்கிய உதவியைத் தனியாகக் கணக்கில் காட்டச் சொன்னார்கள். படித்தபோது எனக்கு நம்ம ஊர் ப்ராஜெக்ட் சென்டர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஃபைனல் இயர் வந்தால் போதும். டைட்டில் முதல் பைண்டிங் வரை எல்லாம் பேக்கேஜ். 'அவுட்புட் வரும், வைவாவுக்கு என்ன கேப்பாங்கன்னும் சொல்லித் தந்துடுவோம்' என்பார்கள். எங்கள் சீனியர்களில் ஒரு டீம், வாங்கின ப்ராஜெக்டை எக்ஸ்டெர்னல் முன்னால் ஆன் பண்ணினால், எல்.ஈ.டி. எரியவில்லை. யாருக்கும் எந்த ஒயரைத் தொடுவது என்று தெரியவில்லை. அங்கே எரியாமல் போனது எல்.ஈ.டி., மார்க் மட்டும்தான் போச்சு. 701-ல் போலியாகக் கையெழுத்துப் போட்டவர் ஆயிரம் அடி உயரத்தில் இருப்பார்.

இது சும்மா வசனம் இல்லை. அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. என்ற அமைப்பு, வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. ஃபேக்டரி விமானங்களைவிட இவற்றில் விபத்து விகிதம் அதிகம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. எஞ்சின் நின்றுபோவதும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான் முக்கியக் காரணங்கள். அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விவரம். 2011-ல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரின் கையில் இல்லை. யாரோ கட்டியதை இன்னொருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. வாங்கிய பிறகு ஓட்டிய முதல் தடவையிலேயே விழுந்தவையும் அதில் உண்டு. கட்டாதவர்கள் எல்லாம் விழுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. செகண்ட் ஹேண்டில் எத்தனை விமானம் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஒவ்வொரு ரிவெட்டையும் தொட்ட ஆளுக்கு எஞ்சின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் உறைக்கும். வாங்கிய ஆளுக்கு அந்த விமானம் பூட்டிய பெட்டி.

கட்டி முடித்ததும் ஜாலியாக ஊர் சுற்ற விட மாட்டார்கள். முதலில் மூன்று சக்கரத்துக்குக் கீழேயும் மூன்று தராசு வைத்து எடை போட வேண்டும், புவியீர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட வேண்டும். மூக்கு நன்றாக நிமிர்ந்து ஏறும்போதும் பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று, விமானத்தை அதே கோணத்தில் சாய்த்து நிறுத்தி, குழாயைக் கழற்றி, பாத்திரத்தில் பிடித்து அளக்க வேண்டும். இறக்கை டேங்கிலிருந்து தானாக வழிந்து வருகிற ஏற்பாடு என்றால், எஞ்சின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் அளவு. நம் லேபில் ஆரிஃபிஸ்மீட்டர் எக்ஸ்பெரிமெண்ட் செய்வோமே, கிட்டத்தட்ட அதே பாத்திரம், அதே ஸ்டாப் வாட்ச். ரீடிங்கை மட்டும் பக்கத்து பேட்ச்சிடம் காப்பியடிக்க முடியாது.

அப்புறம் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ டெஸ்ட் பறப்பு. சான்றிதழ் உள்ள எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் ஒன்றாக இருந்தால் 25, இல்லாவிட்டால் 40. ஊருக்கு வெளியே குறித்துக் கொடுத்த எல்லைக்குள்தான். பயணி ஏற்றக் கூடாது. 2014-லிருந்து தகுதியுள்ள இன்னொரு பைலட்டைத் துணைக்கு ஏற்றிக்கொள்ள ஒரு வழி செய்திருக்கிறார்கள். இந்த நாட்களில்தான் என் கால்குலேட்டர் கதைக்கு விடை கிடைக்கும். ப்ரோஷரில் போட்ட 48 இல்லை, ஃபார்முலா சொன்ன 54 இல்லை, அந்த ஒரு விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது என்று மேலே போய் அவரே கண்டுபிடித்து எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் ரிவெட், உங்கள் எடை, உங்கள் எண்.

கதவுப் பக்கம் 'எக்ஸ்பெரிமெண்டல்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே பயணி கண்ணில் படுகிற மாதிரி, இது அமெச்சூர் கட்டியது, சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை என்று ஒரு எச்சரிக்கைப் பலகை. சொந்த மனைவி ஏறி உட்கார்ந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் பெல்ட் போட வேண்டும்! கட்டியவருக்கு ஒரு மரியாதையும் உண்டு. விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ரிப்பேர்மேன் சான்றிதழ் கொடுப்பார்கள். வருஷாந்திரப் பரிசோதனையைச் செய்து அவரே கையெழுத்துப் போடலாம். விமானத்தை விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது, கட்டியவரிடமே இருக்கும். படித்ததை விற்க முடியாதே!

நம்ம நாட்டில் இதெல்லாம் நடக்குமா? மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட் வீட்டு மொட்டைமாடியில், கிட் எதுவும் இல்லாமல் சொந்த டிசைனில் ஒரு விமானம் கட்டி 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் நிறுத்தினார். அதைப் பதிவு செய்ய 2017 ஆனது, பறக்கும் அனுமதி கைக்கு வர 2019. விமானம் கட்டுவதற்கு ஒரு பொறுமை, ஃபைலுக்குப் பின்னால் போவதற்கு வேறு பொறுமை.

ஆனால் 701-ஐப் பார்க்க நீங்கள் மிசௌரி வரை போக வேண்டாம். உங்கள் காலேஜில் என்.சி.சி. ஏர் விங் இருக்கிறதா? அந்தக் காலத்து கேடட் யாராவது, இப்போது அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார், பிடியுங்கள். 'ஜென் ஏர்' என்ற பேரைச் சொன்னாலே முகம் மலரும். நம் என்.சி.சி. பல வருஷம் கேடட்களை ஏற்றிப் பறக்கக் காட்டிய மைக்ரோலைட்களில் இந்த சி.ஹெச். 701-ம் ஒன்று. இதே ஸ்லாட், இதே தட்டான்பூச்சி மூஞ்சி. பிறகு ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் கம்பெனியிடம் வாங்கிய 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' வந்தது. (பேரைக் கேட்டு மாஸ்க் தேடாதீர்கள், அவர்கள் பேர் வைத்தது கொரோனாவுக்கு ரொம்ப முன்னால்.) வைரஸ் பளபளவென்று, நீள இறக்கையோடு, எஞ்சினைக் குறைத்தாலும் மிதந்துகொண்டே போகிற ஜாதி. ஜென் ஏர் அப்படியே எதிர்.

ரெண்டிலும் உட்கார்ந்து பறந்தவர் யாராவது கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இறங்கும்போது தரைக்கு இன்னும் பத்தடி இருக்கு, அப்போ த்ராட்டிலை மொத்தமா இழுத்துட்டா என்னண்ணே ஆகும்?' வைரஸுக்கு ஒரு பதில் சொல்வார். ஜென் ஏருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இடுப்பைத் தடவிக்கொள்வார், பாருங்கள்.